வேலூர் மண்ணுக்கு எந்த மெட்டல் டிடெக்டர்? தொடக்க நிலைக் கருவிகள் ஓர் ஒப்பீடு

வட ஆற்காடு என்று பெரியவர்கள் இன்றும் சொல்லும் இந்தப் பகுதியில் மெட்டல் டிடெக்டர் வாங்க நினைப்பவர்களின் தேவை ஒன்றாக இருப்பதில்லை. வேர்க்கடலை பறிக்கும்போது காதிலிருந்து கழன்று விழுந்த கம்மலை மண்ணில் தேட ஒருவருக்குக் கருவி வேண்டும். எருது விடும் விழா முடிந்த தெருவிலும், மயானக் கொள்ளை நடந்த பாலாற்றங்கரையிலும் மண்ணில் புதைந்து போன சில்லறையைத் தேடிப் பார்ப்பது இன்னொருவருக்குப் பொழுதுபோக்கு. வாங்கிய மனையில் பழைய இரும்புக் குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள விரும்புபவரும் உண்டு. இந்த மூவருக்கும் ஒரே கருவியைப் பரிந்துரைக்க முடியாது. விளம்பரங்கள் முதலில் சொல்லும் செய்தி எத்தனை அடி ஆழம் என்பதுதான். ஆனால் தேர்வுக்கு மிகக் குறைவாக உதவும் அளவுகோலும் அதுவே.

புதையல் தேடும் எண்ணத்தில் கேட்பவர்களுக்கு ஒரு விளக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது; மண்ணுக்குள் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடையதானால், கண்டெடுத்தவர் அதை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்பது அந்தக் காலத்து வரம்பு, ஆதலால் இன்று ஏறக்குறைய எந்தப் பழம்பொருளும் அதைத் தாண்டிச் சட்டத்துக்குள் வந்துவிடும். வேலூர்க் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதுபோன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவது 1958-ஆம் ஆண்டின் பழமையான நினைவுச்சின்னங்கள் சட்டப்படி குற்றமாகும். ஆற்காட்டு நவாபுகளின் கோட்டை இடிபாடுகளைச் சுற்றிக் கருவியோடு நடப்பதையும் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆற்று மணலில் மண்வெட்டியோடு இறங்கினால் மணல் அள்ள வந்தவர் என்ற சந்தேகம் எழுவது இயல்பு. சிறிய களைக்கொத்து ஒன்றே போதும். சொந்த நிலம், உரிமையாளர் வாய்விட்டு அனுமதித்த நிலம், அறுவடை முடிந்த வயல் ஆகிய இடங்களுக்குள் நிற்பவருக்காகவே இந்த ஒப்பீடு.

அடுத்தது மண். தொடக்க நிலைக் கருவிகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே முறையில் வேலை செய்கின்றன: தட்டுப் போன்ற சுருளில் ஒரு கம்பிச் சுற்று காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்பும்; அங்கே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழும்; அந்த மின்னோட்டம் உண்டாக்கும் எதிர்ப்புலத்தை இரண்டாவது கம்பிச் சுற்று வாங்கிக்கொள்ளும். அனுப்பிய அலைக்கும் திரும்பிய அலைக்கும் இடையே உள்ள காலத்தாழ்வைக் கணித்தே, இது இரும்பா, அலுமினியமா, வெள்ளியா என்று கருவி ஊகித்து ஓர் எண்ணைத் திரையில் காட்டுகிறது. தொல்லை என்னவென்றால், மண்ணும் பேசும். நம் செம்மண்ணின் நிறம் இரும்பு ஆக்சைடால் வருவது. நிறம் மட்டும் கருவிக்குப் பகை அன்று, அதில் கலந்திருக்கும் காந்தத் தன்மையுள்ள துகள்களே பகை. செங்கல் சூளை இருந்த இடத்தில், தீயில் வெந்த மண் கூடுதல் காந்தத் தன்மை பெற்றிருப்பதால், இந்தத் தொல்லை இன்னும் கூடும்.

இதைத் தெரிந்துகொள்ளப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை மெல்லிய பிளாஸ்டிக் பையில் சுற்றி, உலர்ந்த ஆற்று மணலில் ஒரு முழ நீளம் மெதுவாக இழுத்துப் பாருங்கள். பையின் மேல் கறுப்புத் துகள்கள் மீசை முளைத்ததுபோல் நிமிர்ந்து ஒட்டிக்கொள்ளும். பையை உள்ளிருந்து வெளியாகத் திருப்பிக் காந்தத்தை விலக்கினால் அவை கொத்தாக உதிர்ந்துவிடும். ஒட்டியது ஒரு சிட்டிகை என்றால் எந்தக் கருவியும் சமாளிக்கும். பை முழுவதும் கறுத்துவிட்டால், அந்த மண்ணில் தரைச் சமன் செய்யும் வசதி இல்லாத கருவி ஒவ்வொரு வீச்சுக்கும் முனகிக்கொண்டே இருக்கும். உணர்திறனைக் குறைத்து அதன் வாயை அடைத்தால், கூடவே ஆழமும் போய்விடும்.

தரைச் சமன் என்பது, இந்த மண்ணின் ஒலி இவ்வளவு, இதைக் கணக்கில் கொள்ளாதே என்று கருவிக்குக் கற்றுக் கொடுப்பது. விலை குறைந்த கருவிகளில் இது தொழிற்சாலையிலேயே ஒரு நடுத்தர மண்ணுக்கு நிலைநிறுத்தப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. அதற்கு மேலான கருவிகளில் சுருளை மண்ணுக்கு மேல் ஏற்றி இறக்கிக்கொண்டே ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் கருவி தானே சமனாகிவிடும். என் கணிப்பில், வேலூர்ப் பகுதியில் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டிய வசதி இதுதான்; சுருளின் அளவும் திரையின் அழகும் அதற்குப் பிறகே.

மண்ணுக்கு அடுத்து, நாம் தேடும் பொருள். இந்தக் கருவிகளின் ஒலியமைப்பும், நாணயங்களுக்கு மட்டும் ஒலிக்கும்படி முன்பே அமைத்துத் தரும் நாணயப் பயன்முறையும் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய நாணயங்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அங்கே பழைய நாணயங்கள் செம்பு, வெள்ளி, நிக்கல் கலவைகள். இரும்பைப் புறக்கணித்துவிட்டால் நாணயம் மிஞ்சும். நம் ஊர்க் கணக்கு வேறு. 1988 முதல் வந்த 25 பைசா, 50 பைசா நாணயங்களும், 1992 முதல் வந்த ஒரு ரூபாய் நாணயமும் காந்தத்தில் ஒட்டும் துருப்பிடிக்கா எஃகால் ஆனவை. நாணயப் பயன்முறையை அப்படியே போட்டுவிட்டு நடந்தால், இரும்பு என்று கருதி இவற்றைக் கருவி விழுங்கிவிட வாய்ப்புண்டு. விழுங்காவிட்டாலும் சோடா பாட்டில் மூடியைப் போல எண் ஏறி இறங்கித் தடுமாறும். அதற்கு முந்தைய காலத்து 5 பைசா, 10 பைசா அலுமினிய நாணயங்கள் தெளிவாகவே ஒலிக்கும். ஆனால் அவை காட்டும் எண், மாத்திரை அட்டை, குளிர்பானக் கேன் மூடி போன்ற அலுமினியக் குப்பையின் எண்ணுக்கு அருகில் இருக்கும். ஆகவே இங்கே தேடுபவருக்கு எண்ணைத் துல்லியமாகக் காட்டும் கருவியும், எந்த எண்ணை விலக்க வேண்டும் என்பதைத் தானே தேர்ந்துகொள்ளும் வசதியும் தேவை. எண்ணுக்குப் பதிலாகப் பொருளின் வகையை மூன்று படங்களால் மட்டும் காட்டும் திரை இங்கே கண்ணைக் கட்டிவிடும்.

நகை தேடுவோருக்கு இன்னும் கடினமான செய்தி. மெல்லிய தங்கச் சங்கிலியைக் கருவி ஒரே பொருளாகப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியே பார்க்கிறது. ஒரு கண்ணியில் எழும் மின்னோட்டம் மிகச் சிறிது என்பதால், பல நேரங்களில் ஒலிப்பது சங்கிலியின் கொக்கி மட்டுமே. மூடிய வளையமான மோதிரம் நன்றாக ஒலிக்கும். கால்விரலுக்குத் தக்கபடி நெருக்கிப் போட வாய் திறந்தே செய்யப்படும் மெட்டி, அதே எடை இருந்தாலும், வட்டம் முடியாததால் மங்கலாகவே ஒலிக்கும். கம்மல் திருகு என்றால் சுருள் ஏறக்குறைய அதன் மேலேயே உரச வேண்டும். இத்தகைய சின்னஞ்சிறு தங்கத்துக்கு அதிர்வெண் (கருவி அனுப்பும் காந்தப் புலம் நொடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பது) கூடிய கருவி நல்லது; பெரிய வெள்ளி, செம்புப் பொருள்களுக்குக் குறைந்த அதிர்வெண்ணே ஆழமாகச் செல்லும்.

இனிக் கருவிகள். அமெரிக்க விலைப்பட்டியலில் ஏறக்குறைய 100 முதல் 300 டாலர் வரையிலான இடைவெளியில் விற்றுவந்தவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இங்கே வந்து சேரும்போது சுங்க வரியும் ஜிஎஸ்டியும் அனுப்புகூலியும் சேர்ந்து விலை கணிசமாக ஏறிவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பவுண்டி ஹண்டர் நிறுவனத்தின் டிராக்கர் 4, இந்த வரிசையில் மிக எளியது. 6.6 கிலோஹெர்ட்ஸில் இயங்கும். 8 அங்குல வட்டச் சுருள். திரை கிடையாது, ஒரு முள் மட்டும் ஆடும். இரண்டு 9 வோல்ட் சதுர பேட்டரிகள் வேண்டும். எண்ணே இல்லாததால், மேலே சொன்ன அலுமினியக் குழப்பத்துக்கு இதனிடம் விடை இல்லை. பள்ளிப் பிள்ளைக்கு மின்காந்தத் தூண்டலைக் கண்ணால் காட்ட வேண்டுமென்றாலோ, புதைந்த இரும்புக் குழாயின் தடத்தை மட்டும் பிடிக்க வேண்டுமென்றாலோ இது போதும். பொழுதுபோக்காகத் தொடர நினைப்பவர் சில மாதங்களிலேயே வேறு ஒன்று தேடுவார்.

டெக்ஸாஸ் மாநிலத்துக் காரெட் நிறுவனத்தின் ஏஸ் 300, பலரும் முதலில் கேள்விப்படும் பெயர். 8 கிலோஹெர்ட்ஸ், 0 முதல் 99 வரை இலக்கு எண், ஐந்து பயன்முறைகள், பொருள் நிற்கும் புள்ளியைத் துல்லியமாகக் காட்டும் பின்பாயின்ட் பொத்தான், சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் அளவு பேட்டரி நான்கு. வேண்டாத எண்களை ஒவ்வொன்றாக விலக்கவும் முடியும். பேட்டரி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் என்பது அமிர்தி, ஏலகிரிப் பக்கம் போகிறவருக்குச் சிறிய வசதியன்று. ஆனால் இதன் தரைச் சமன் நிலையானது. கரிசலும் வண்டலும் கலந்த சமவெளி வயலில் ஒழுங்காக நடந்துகொள்ளும் இக்கருவி, கறுப்பு மணல் படிந்த இடத்திலோ பழைய சூளை மேட்டிலோ பொய் ஒலி எழுப்பத் தொடங்கினால், உணர்திறனைக் குறைப்பதைத் தவிர நமக்கு வேறு வழியில்லை. சுருளை நீரில் நனைக்கலாம். மேலே உள்ள பெட்டி நனையக் கூடாது. இதன் தம்பியான ஏஸ் 200, 6.5 கிலோஹெர்ட்ஸில் இயங்குவது. விலையில் மிச்சமாகும் தொகைக்காக இலக்கு எண்ணை இழக்க வேண்டியிருப்பதால், அதை நம் நாணயங்களுக்கு நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

ஆஸ்திரேலியாவின் மைன்லேப் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வான்குவிஷ் வரிசை, இந்த விலைக்குள் பல அதிர்வெண்களை ஒரே நேரத்தில் அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. இதன் நன்மை நேரடியானது: ஒரே அதிர்வெண்ணில் மண்ணின் ஒலியும் பொருளின் ஒலியும் ஒன்றோடொன்று குழம்பும் இடத்தில், பல அதிர்வெண்களை ஒப்பிட்டுக் கருவி தானே பிரித்துக்கொள்கிறது. தரைச் சமனுக்கு நாம் கை வைக்க வேண்டியதில்லை. வைக்க வழியும் இல்லை. வெறும் வயலிலிருந்து ஆற்று மணலுக்கும், அங்கிருந்து கரைமேட்டுச் செம்மண்ணுக்கும் ஒரே காலையில் மாறி மாறி நடப்பவருக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் இந்த வரிசையின் மலிவான 340-இல் பின்பாயின்ட் வசதி இல்லை. அது சிறு குறையாகத் தோன்றலாம். கையில் எடுத்தால்தான் தெரியும். ஒலி வந்த இடத்தில் சுருளை நெடுக்காகவும் குறுக்காகவும் வீசி, இரண்டு கோடும் வெட்டும் புள்ளியை மனத்தால் குறித்துக்கொண்டு தோண்ட வேண்டும். பழகாதவர் ஒரு ரூபாய்க்காக ஒரு பானை அகலத்துக்குக் குழி தோண்டிவிடுவார். 440-இல் அந்தப் பொத்தானும், நம் விருப்பப்படி எண்களை விலக்கி வைத்துக்கொள்ளும் பயன்முறையும் உண்டு. 340-ஐ வாங்கி அதனுடன் பின்பாயின்டர் என்னும் கையளவுக் கருவியைத் தனியே வாங்குவதற்கும், நேரே 440-ஐ வாங்குவதற்கும் செலவு அருகருகே வந்து நிற்கும். குழிக்குள் கையை விட்டுத் தேடப் பின்பாயின்டர் எப்படியும் ஒருநாள் தேவைப்படும் என்றாலும், தொடக்கத்தில் 440 பக்கமே என் ஓட்டு. இவ்வரிசையின் எண் கணக்கு −9 முதல் 40 வரை மட்டுமே என்பதால், 0 முதல் 99 வரை காட்டும் கருவியில் பழகியவருக்குச் சற்று நெருக்கமாகத் தோன்றும்.

துருக்கியின் நோக்தா நிறுவனத்தின் சிம்ப்ளெக்ஸ் பிளஸ், இதற்கு நேர் எதிரான வழியில் செல்வது. ஒரே அதிர்வெண், 12 கிலோஹெர்ட்ஸ். ஆனால் மண்ணை நாமே சமன் செய்யலாம். சுருளை ஏற்றி இறக்கிப் பொத்தானை அழுத்தினால் தானே பிடித்துக்கொள்ளும். திருப்தி இல்லையென்றால் கையாலும் எண்ணைக் கூட்டிக் குறைக்கலாம். கருவி முழுவதும் 3 மீட்டர் ஆழம் வரை நீர் புகாதது என்பதால், திடீர் மழைக்கோ ஏரிக்கரைச் சேற்றுக்கோ அஞ்ச வேண்டியதில்லை. கிணற்று மோட்டாரும் உயர்மின் கம்பியும் கருவியைச் சலசலக்கச் செய்யும் வயல்களில், அதிர்வெண்ணைச் சற்றே நகர்த்தி அமைதியாக்கும் வசதி இதில் உண்டு. நம் ஊர் வயலில் பம்புசெட் இல்லாத மூலை எது என்று யோசித்தால் இதன் அருமை புரியும். இரும்பின் ஒலியை முழுவதும் அடைக்காமல் தனியே தாழ்த்தி வைக்கலாம் என்பது எஃகு நாணயம் தேடும் நமக்குக் கூடுதல் பயன்: மெல்லிய முனகலாகக் காதில் விழுந்துகொண்டே இருக்கும், சந்தேகமானால் நின்று பார்க்கலாம். குறை என்றால் பேட்டரி. உள்ளேயே பொருத்தப்பட்ட மின்னேற்று பேட்டரி. தீர்ந்தால் கடையில் வாங்கிப் போட முடியாது, பவர்பேங்க் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். 2023-இல் இவ்வரிசையில் அல்ட்ரா முதலிய புதியவை வந்துவிட்டதால், பிளஸ் இப்போது பழைய இருப்பிலோ கைமாறியோதான் பெரும்பாலும் கிடைக்கும்.

சுருளின் வகை பற்றி ஒரு வார்த்தை. ஏஸ் 300-இன் சுருள் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் அமைந்தது; அதன் பார்வை கூம்புபோல் கீழே குறுகுவதால் புள்ளியைக் காட்டுவதில் நல்லது, கனிமம் மிகுந்த மண்ணில் தளர்ந்துவிடும். வான்குவிஷ், சிம்ப்ளெக்ஸ் இரண்டிலும் இரட்டை டி வடிவச் சுருள். இது மண்ணை ஒரு நீண்ட கத்திபோல் வகுந்து செல்வதால் மண்ணின் தொல்லை குறையும். மூன்றின் எடையும் ஒன்றேகால் கிலோவை ஒட்டியே இருப்பதால், எடையை வைத்துத் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை.

பெயர் தெரியாத நிறுவனங்களின் முத்திரையுடன் இணையக் கடைகளில் குவிந்திருக்கும் மலிவுக் கருவிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அவற்றில் சில உலோகத்தைக் கண்டறியத்தான் செய்கின்றன. சுருள் உடைந்தால் மாற்றுச் சுருள் கிடைப்பதில்லை, பெட்டியில் அச்சிட்ட ஆழத்துக்கும் கையில் உள்ள கருவிக்கும் உறவில்லை என்பவையே சிக்கல்கள். நாணய அளவுப் பொருளுக்கு நல்ல மண்ணில் ஒரு சாணுக்குள்தான் இந்த விலைக் கருவிகளின் நம்பகமான எல்லை. மீட்டர் கணக்கில் ஆழம் சொல்லும் விளம்பரம், பெரிய இரும்புப் பெட்டி போன்ற ஒன்றை வைத்துச் சொல்லப்படுகிறது, அல்லது வெறும் பொய்.

வெறும் பொய் என்பதற்குத் தனி வகையே உண்டு. கைப்பிடியில் ஓர் ஆன்டெனாக் கம்பி செருகிய தொலைதூரத் தங்கம் தேடும் கருவிகள், நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் தங்கத்தை நோக்கித் திரும்பும் என்று விற்கப்படுகின்றன. ஏடிஈ 651 என்ற பெயரில் இதே வடிவக் கருவிகள் வெடிகுண்டைக் கண்டறியும் என்று ஈராக்குக்கு விற்கப்பட்டன. அதை விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக் என்பவருக்கு 2013-இல் பிரிட்டன் நீதிமன்றம் 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. இரிடியம், ரைஸ் புல்லிங் (அரிசியை இழுக்கும் அதிசயக் கலசம்) என்ற பெயர்களில் ஏமாற்றப்பட்டோரைக் கண்ட நம் பகுதியில், புதையல் வாசனை காட்டி இத்தகைய கம்பியைத் தலையில் கட்டுவது கடினமன்று. இவற்றோடு எந்தக் கருவியையும் ஒப்பிட வேண்டிய அவசியமே இல்லை.

தேர்வுக்கு வருவோம். வயலும் ஆறும் மேடும் கலந்து, அமைப்புகளைத் திருகிக்கொண்டிராமல் நடக்க விரும்புபவருக்கு வான்குவிஷ் 440. காந்தத்தில் பை முழுதும் கறுத்த மண், மின்கம்பிகளுக்கு அடியில் உள்ள நிலம், ஏரிக்கரை ஆகியவை தன் இடம் என்று தெரிந்தவர், கற்றுக்கொள்ளச் சில வாரம் ஒதுக்கத் தயாரானால், சிம்ப்ளெக்ஸ் வகையை எடுக்கட்டும். எனக்கு இதுவே கூடுதல் விருப்பம், ஏனெனில் மண்ணைப் புரிந்துகொள்ள இது நம்மைக் கட்டாயப்படுத்துகிறது. ஒரே சமவெளித் தோட்டத்தில், குழந்தைகளோடு விடுமுறை நாளில் மட்டும் தேடுவதானால் ஏஸ் 300 போதும். கூடவே நல்ல பின்பாயின்டர் ஒன்று வாங்கலாம். வீட்டு மனைக் குழாய்க்கு மட்டும் என்றால் எதையும் வாங்காதீர்கள், ஒருநாள் வாடகைக்கோ இரவலுக்கோ கேட்டுப் பாருங்கள்.

கருவி கைக்கு வந்ததும், மரப்பலகையின் மேல் ஆணி, மாத்திரை அட்டை, சோடா மூடி, 5 பைசா, ஒரு ரூபாய், வெள்ளி மெட்டி, தங்க மோதிரம் என்று வைத்து, ஒவ்வொன்றுக்கும் வரும் எண்ணையும் ஒலியையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதே பொருள்களை நான்கு விரல் ஆழத்தில் புதைத்து மறுபடியும் எழுதுங்கள். பலகையிலும் மண்ணிலும் எண் எவ்வளவு மாறுகிறது என்பதே அந்த மண்ணில் அந்தக் கருவியை எவ்வளவு நம்பலாம் என்பதைச் சொல்லிவிடும். இந்தச் சோதனையை விற்பவர் திருப்பி வாங்கிக்கொள்ளும் கெடுவுக்குள் முடித்துவிடுங்கள். உத்தரவாதச் சீட்டு இந்தியாவில் செல்லுமா, சுருளும் மின்னேற்றக் கம்பியும் தனியே கிடைக்குமா என்ற இரண்டையும் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருந்து உறவினர் வாங்கி வரும் கருவிக்குப் பெரும்பாலும் அந்த நாட்டில் மட்டுமே உத்தரவாதம் செல்லும்.